யூபோனியத்துக்கும் டியூபாவுக்கும் மாற்று ஸ்பிரிங் தெரிவுசெய்தல்

கேள்வி: கல்லடிப் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றின் பாண்ட் வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். எங்களிடம் நான்கு வால்வுகள் கொண்ட யமஹா 321 வகை யூபோனியங்கள் இரண்டும், பெயர்ப்பொறிப்புத் தேய்ந்துபோன மூன்று வால்வு டியூபா ஒன்றும் உள்ளன. ஒரு யூபோனியத்தில் இரண்டாம் வால்வு அழுத்திய பின் மெதுவாகவே மேலெழுகிறது. டியூபாவில் ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்து முறிந்தபோது மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வாங்கிய உருக்கு ஸ்பிரிங் ஒன்றைப் போட்டோம். அது பிள்ளைகளின் விரலுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. மற்ற இரண்டும் தளர்ந்துவிட்டன. கொழும்புக் கடையொன்றில் எல்லா வாத்தியங்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு தொகுதி தருகிறார்கள். வெண்கலம் நல்லதா, உருக்கு நல்லதா? கடினமானதை வாங்குவதா, மென்மையானதை வாங்குவதா? பழையவற்றை இழுத்து நீட்டிப் பாவிக்கலாமா?

பதில்:

அன்பின் ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டவற்றுள் யூபோனியத்தின் இரண்டாம் வால்வைப் பற்றி முதலில் எழுதுகிறேன். ஏனெனில் அதற்கு ஸ்பிரிங் வாங்கவேண்டிய தேவையே இல்லாமற் போகலாம். ஒரே வாத்தியத்தில் ஒரேயொரு வால்வு மட்டும் சோர்ந்திருந்தால், அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி முதலாம் வால்வுக்குப் போட்டு, முதலாம் வால்வினுடையதை இரண்டாவதற்குப் போட்டுப் பாருங்கள். குறை ஸ்பிரிங்கோடு சேர்ந்து இடம் மாறினால் ஸ்பிரிங்கே காரணம். குறை இரண்டாம் வால்விலேயே தங்கிவிட்டால் ஸ்பிரிங்கின் மீது பழியில்லை. இவ்வாறு மாற்றும்போது பிஸ்டன்களை, அதாவது வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளைகளை, ஒன்றோடொன்று மாற்றிவிடக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனிலும் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கத்தைப் பார்த்து அதனதன் உறையிலேயே (பிஸ்டன் ஓடும் குழாயிலேயே) இடுங்கள்.

இரண்டாம் வால்வு தனியாகச் சிக்குவதற்கு மிகப் பொதுவான காரணம், அதன் சிறிய இழுகுழல் வாத்தியத்தின் உடலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான். கதிரையிலோ கதவு நிலையிலோ அது மோதுகிறபோது அந்த அடி குழலின் வழியாக வால்வு உறையைச் சென்றடைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் உறையின் வட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குகள் மட்டுமே என்பதால், சிறியதொரு நெளிவும் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க அடிமூடியையும் ஸ்பிரிங்கையும் அகற்றி, பிஸ்டனையும் உறையின் உட்புறத்தையும் பஞ்சு நூல் விடாத துணியால் துடைத்து, புதிய வால்வு ஒயில் சில துளிகள் இட்டு, வாத்தியத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை மேலிருந்து மெல்ல விடுங்கள்; கீழே விழுந்துவிடாமல் மறுகையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது தன் பாரத்தினாலேயே தடையின்றி இறங்கவேண்டும். இறங்காவிட்டால், எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் நோயை மறைப்பீர்களே தவிரத் தீர்க்கமாட்டீர்கள். கடினமான ஸ்பிரிங் ஒன்று சிக்கும் பிஸ்டனையும் மேலே தள்ளிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிக்குமிடத்தில் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்ந்து, சிறு செலவில் முடிந்திருக்கவேண்டிய வேலை புதிய பிஸ்டனில் போய் நிற்கும்.

நெளிவு இல்லையென்றால் அழுக்கையும் ஒயிலையும் பாருங்கள். நமது பக்கத்தில் பிள்ளைகள் வால்வு ஒயில் தீர்ந்தவுடன் தேங்காயெண்ணெயை ஊற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. அது நாள் செல்லச் செல்லப் பிசினாகி, பிஸ்டனைச் சுற்றி மஞ்சள் படலமாகப் படியும். இளஞ்சூடான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும், அதைக் கழுவிவிடலாம். பித்தளை மினுக்கும் பசையை மட்டும் பிஸ்டனுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள அராவும் துகள்கள் உறைக்குள் தங்கிவிடும். அடிமூடியின் நடுவிலுள்ள சிறு துளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தத் துளை வழியாகக் காற்றுப் போய்வர முடியாதபோது பிஸ்டன் கீழே இறங்கும்போதும் ஏறும்போதும் உள்ளே அடைபட்ட காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இனி ஸ்பிரிங்கின் கதைக்கு வருகிறேன். உங்கள் யூபோனியத்திலும் டியூபாவிலும் இருக்கும் வால்வு, 1830களின் இறுதியில் பாரிசில் பெரினே என்பவர் வடிவமைத்த வகையின் வழிவந்தது. பெரும்பாலான ட்ரம்பெட்களில் ஸ்பிரிங் பிஸ்டனின் மேற்பகுதியில் அடங்கியிருக்க, யூபோனியம், டியூபா போன்ற தாழ்சுர வாத்தியங்களில் அது பொதுவாகப் பிஸ்டனுக்கு அடியில், அடிமூடியின் மேல் நிற்கிறது. ட்ரம்பெட் ஸ்பிரிங் இங்கே உதவாததற்கு இது ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தொகுதியை நான் நம்பாததற்கும் இதுவே காரணம்: பிஸ்டனின் பாரம், இறங்கும் தூரம், அடிமூடியின் பள்ளம் ஆகிய மூன்றும் வாத்தியத்துக்கு வாத்தியம் வேறுபடுகையில், ஒரே ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் எப்படிப் பொருந்தும்?

வாயிலிருந்து போகும் ஈரமும் மூச்சுக்காற்றிலிருந்து குளிர்ந்து வடியும் நீரும் இறுதியில் போய்த் தேங்கும் இடமும் அந்த அடிமூடிதான். ஆகவே தாழ்சுர வாத்தியத்தின் ஸ்பிரிங் நீரில் நிற்கிறது என்றே கொள்ளலாம். அதோடு ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் இருக்கும் கல்லடியின் உப்புக் காற்றையும், மாரிகாலத்தில் வாத்திய அறையின் பூட்டிய அலுமாரிக்குள் நிற்கும் ஈரப்பதனையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண உருக்குக் கம்பி பித்தளையைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் நிற்கும்போது, அந்த இரு உலோகங்களில் அரிக்கப்படுவது உருக்கே. முலாம் பூசியிருந்தாலும் கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். உங்கள் டியூபாவில் முறிந்த ஸ்பிரிங்கின் வரலாறும் பெரும்பாலும் இதுதான். துருத்தூள் பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையே ஏறிவிட்டால் அது வேறொரு தொல்லை. எனவே மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது கடினமாக இருப்பது இரண்டாவது குற்றமே.

எஞ்சுபவை பொசுபர் வெண்கலமும் கறையில் உருக்கும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "வெண்கலம் மென்மை, உருக்கு கடினம்" என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. ஒரு சுருள் ஸ்பிரிங்கின் கடினத்தை நான்கு விடயங்கள் தீர்மானிக்கின்றன: கம்பியின் உலோகம் முறுக்கத்தை எவ்வளவு எதிர்க்கிறது, கம்பி எவ்வளவு தடிப்பு, சுருளின் விட்டம் எவ்வளவு, சுற்றுகள் எத்தனை. இவற்றுள் தடிப்பின் செல்வாக்கு மிக அதிகம். கடினம் கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 0.8 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 0.9 மி.மீ. கம்பியில் அதே சுருளைச் சுற்றினால், கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, ஆனால் கடினம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடும். கறையில் உருக்கின் முறுக்க எதிர்ப்பு பொசுபர் வெண்கலத்தினதைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், 0.8 மி.மீ. கறையில் உருக்குச் சுருளும் 0.9 மி.மீ. வெண்கலச் சுருளும் மற்ற அளவுகள் ஒத்திருந்தால் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே உலோகத்தின் பெயரை வைத்துக்கொண்டு கடினத்தை ஊகிக்காமல் அளவுகளைப் பாருங்கள். நான் வாங்குவதாயின், தயாரிப்பாளர் எந்த உலோகத்தில் வடிவமைத்தாரோ அதையே வாங்குவேன்; அது தெரியாத வாத்தியத்துக்கு அரிப்பு விடயத்தில் மனம் ஆறுதலடைவதற்காக வெண்கலத்தைத் தெரிவுசெய்வேன். நல்ல கறையில் உருக்கும் தகும், ஆனால் உப்பு ஈரத்தில் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழக்கூடும் என்பதால் அடிமூடியை அவ்வப்போது கழற்றித் துடைக்கும் பழக்கம் வேண்டும்.

கடினமா, மென்மையா என்ற கேள்விக்கு விடை: பிஸ்டனை உறுதியாகவும் தாமதமின்றியும் மேலே கொண்டுவருகிற ஸ்பிரிங்குகளுள் மிக மென்மையானது எதுவோ அது. கீழே அழுத்துவது விரலின் வேலை. ஸ்பிரிங் செய்ய வேண்டியது மேலே கொண்டுவருவது மட்டுமே. அதற்கு வேண்டியதைவிட மேலதிகமாக இருக்கும் ஒவ்வொரு கிராமையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு சுரத்திலும் சுமக்கிறது. உங்கள் யூபோனியத்தில் நான்கு வால்வுகளும் மேலே ஒரே வரிசையில் இருப்பதால் நான்காவதைச் சுண்டுவிரலே அழுத்தவேண்டும். அந்த வால்வுக்கு மட்டும் ஒரு படி இளகிய ஸ்பிரிங்கைப் போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. மற்ற மூன்றும் ஒரே தொகுதியிலிருந்து வந்தவையாக, ஒரே உணர்வைத் தருபவையாக இருக்கவேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வால்வு ஓய்வில் இருக்கும்போதே ஸ்பிரிங் ஓரளவு அமுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொடக்க விசைதான் பிஸ்டனை உச்சியில் நிறுத்துகிறது. கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்பிரிங்கின் சுயாதீன நீளம் (அமுக்கப்படாதபோதுள்ள நீளம்) 60 மி.மீ., ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 10 கிராம் எதிர்ப்பு, வாத்தியத்தில் அது நிற்கும் உயரம் 40 மி.மீ., பிஸ்டன் இறங்கும் தூரம் 18 மி.மீ. என்க. ஓய்வில் 200 கிராமும் முழுதாக அழுத்தியபோது 380 கிராமும் விரலுக்கு வரும். இதற்குப் பதிலாக 50 மி.மீ. நீளமும் மில்லிமீற்றருக்கு 20 கிராம் எதிர்ப்பும் கொண்ட வேறொன்றைப் போட்டால், ஓய்வில் அதே 200 கிராம்தான். ஆனால் அடியில் 560 கிராம். கடையில் இரண்டையும் விரலால் சற்றே அமுக்கிப் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. நீளமான, இளகிய ஸ்பிரிங்கே வால்வின் ஓட்டம் முழுவதிலும் சீரான உணர்வைத் தரும். கட்டையான, விறைத்த ஸ்பிரிங் விரலைக் கடைசியில் எதிர்த்து நிற்கும்.

பழையதை நீட்டலாமா, வெட்டலாமா என்று கேட்டால், இரண்டும் வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது உலோகத்தின் தன்மை மாறிவிடுவதில்லை. நீண்டகாலம் அமுக்கத்தில் இருந்து அதன் சுயாதீன நீளம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். கையால் இழுத்தால் நீளம் திரும்ப வருவதுபோல் தோன்றும், ஆனால் சுற்றுகளுக்கிடையிலான இடைவெளி சீரற்றுப் போய்ச் சுருள் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த சுருள் பிஸ்டனை உறைச்சுவரில் அழுத்தித் தேய்க்கும். சில வாரங்களில் அது மீண்டும் படிந்துவிடும். வெட்டுவது இன்னும் விசித்திரமானது. மேலே சொன்ன 60 மி.மீ. ஸ்பிரிங்கில் தொழிற்படும் சுற்றுகள் பத்து என்று கொண்டு ஒன்றை வெட்டினால் நீளம் 54 மி.மீ. ஆகும், எதிர்ப்பு மில்லிமீற்றருக்கு 11 கிராமாகக் கூடும். ஓய்வு விசை 200 கிராமிலிருந்து ஏறத்தாழ 155 கிராமாக இறங்கிவிட, அடியில் விசை 355 கிராம் என்ற அளவில் நிற்கும். மென்மையாக்க வேண்டும் என்று வெட்டியவருக்கு, பிஸ்டன் உச்சிக்கு வரத் தயங்கும் வால்வு ஒன்றே கிடைக்கும். வெட்டிய முனையும் தட்டையாக மூடியிருக்காது.

ஸ்பிரிங்குகளை ஒப்பிடுவதற்கு எளிய வழி உண்டு. இரண்டையும் ஒரு பென்சிலில் கோத்து, நடுவே துளையிட்ட மட்டை வட்டம் ஒன்றை வைத்து, இரு முனைகளிலிருந்தும் விரல்களால் அமுக்குங்கள். இரண்டின் மீதும் ஒரே விசைதான் செல்கிறது. ஆகவே அதிகமாகச் சுருங்குவது இளகியது. எண்ணாகவே வேண்டுமென்றால், சமையலறை இலத்திரனியல் தராசில் ஸ்பிரிங்கை நிறுத்தி, அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, ஓய்வு உயரத்துக்கும் அழுத்திய உயரத்துக்கும் அமுக்கி இரண்டு வாசிப்புகளை எடுங்கள். உங்கள் யூபோனியத்தின் நல்ல வால்வு ஒன்றின் ஸ்பிரிங்கை முதலில் இவ்வாறு அளந்து எழுதிவைத்தால் அதுவே மற்றவற்றுக்கு நியமமாகும்.

யூபோனியங்களுக்கு ஸ்பிரிங் தேவைதான் என்று தெரிந்தால் வேலை சுலபம். அந்த மாதிரி இலக்கத்தைச் சொல்லி, அதற்குரிய தொகுதியையே கேளுங்கள். அது ஈடுசெய்யும் அமைப்பு (வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது வரும் சுருதிப் பிசகைத் திருத்தும் மேலதிகக் குழல்கள்) இல்லாத வகை என்பதையும் குறிப்பிடுங்கள். பிளைக்லி என்பவர் 1874 இல் காப்புரிமை பெற்ற ஈடுசெய்யும் அமைப்பைக் கொண்ட யூபோனியங்களில் பிஸ்டன்களுக்குள் மேலதிகக் காற்றுவழிகள் இருப்பதால் பிஸ்டன் நீளமும் பாரமும் கூடியது. அவற்றின் ஸ்பிரிங் உங்களுக்கு உதவாது.

பெயரில்லாத டியூபாவுக்கு அளந்துதான் ஆகவேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியும் திருகுக் கணிச்சியும் இருக்கும்; உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியரிடம் சொன்னால் மாணவர்களுக்கு அது நல்லதொரு செய்முறையாகவும் அமையும். தளர்ந்த இரண்டில் நல்ல நிலையிலுள்ளதை எடுத்து, கம்பித் தடிப்பைத் திருகுக் கணிச்சியாலும் சுருளின் வெளிவிட்டத்தை வேணியராலும் அளந்து, மொத்தச் சுற்றுகளை எண்ணுங்கள். கம்பியைத் துரு இல்லாத இடத்தில் அளக்கவேண்டும். நீளத்தை மட்டும் அந்தப் பழைய சுருளிலிருந்து எடுக்காதீர்கள். அது ஏற்கனவே குறுகியது. அதற்குப் பதிலாக ஸ்பிரிங் நிற்கவேண்டிய இடத்தை அளவிடுங்கள்: பிஸ்டனை உச்சியில் பிடித்தபடி, உறையின் அடி விளிம்பிலிருந்து பிஸ்டனின் அடிப்பள்ளம் வரையுள்ள ஆழத்தை வேணியரின் பின்முனைக் கோலால் எடுத்து, அடிமூடியை முழுதாகப் பூட்டும்போது அதன் உட்தளம் அந்த விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதுவே ஓய்வு உயரம். விரல் பொத்தான் இறங்கும் தூரத்தை வெளியிலிருந்தே அளந்துவிடலாம்.

இந்த இரண்டு அளவுகளும் கிடைத்தபின், வாங்கப்போகும் ஸ்பிரிங்கின் சுற்று எண்ணிக்கையைக் கம்பித் தடிப்பால் பெருக்குங்கள். ஓய்வு உயரத்திலிருந்து இறங்கும் தூரத்தைக் கழித்தால் வருவதைவிட அந்தப் பெருக்கம் தெளிவாகக் குறைவாக இருக்கவேண்டும். 0.9 மி.மீ. கம்பியில் 14 சுற்றுகள் என்றால் 12.6 மி.மீ.; அதற்குக் கீழே அந்தச் சுருள் போகவே போகாது. இடம் போதாவிட்டால் சுற்றுகள் ஒன்றையொன்று முட்டி, பிஸ்டன் முழுதாக இறங்காமல் நின்று, துளைகள் நேர்படாமல் ஒலி அடைபடும். வெளிவிட்டம் அடிமூடியின் பள்ளத்தில் அமரக்கூடியதாகவும் உறைச்சுவரைத் தொடாததாகவும் இருக்கவேண்டும். அமுக்கும்போது சுருள் சிறிதளவு அகலும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரு முனைகளும் மூடி, தட்டையாக அராவப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க, ஸ்பிரிங்கை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். ஆடாமல் நேராக நிற்கவேண்டும்.

நீளமான ஸ்பிரிங்கைப் போட்டால் பிஸ்டன் இன்னும் உயரும், சுருதி சரியாகும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மேல்மூடிக்குக் கீழே பிஸ்டன் தண்டிலுள்ள கம்பளி அல்லது தக்கை வளையம் தீர்மானிக்கிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொத்தானுக்கு அடியிலுள்ள வளையம் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்குக்கு இரண்டிலும் பங்கில்லை. ஆனால் வளையங்கள் நைந்திருந்தால் ஓய்வு உயரம் மாறியிருக்கும் என்பதால், அவற்றை முதலில் புதுப்பித்துவிட்டு அதன்பின் அளவெடுப்பதே முறை.

உள்ளூரில் லேத் வேலை செய்பவர்களிடம் சுற்றுவிக்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரக்கூடும். மட்டக்களப்பில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பறங்கியர் சமூகத்தில் கொல்லு வேலையும் தச்சு வேலையும் தலைமுறைகளாக வந்தவை. தடை கையில் இல்லை, கம்பியில் இருக்கிறது. சரியான வெண்கலக் கம்பி இங்கே எளிதில் கிடைப்பதில்லை; சுற்றியபின் உள்ளழுத்தம் நீங்கும்படி அளவான சூட்டில் வைத்து எடுக்காத சுருள் விரைவில் படிந்துவிடும்.

புதியவற்றைப் பூட்டும்போது இரு முனைகளிலும் ஒரு துளி ஒயில் இடுங்கள். அமுக்கப்படும் சுருள் சிறிது சுழலவும் செய்யும். வறண்ட முனை அடிமூடியில் உரசிக் கிறீச்சிடும். அடிமூடியைக் குறட்டால் இறுக்காமல் கையால் மட்டும் பூட்டுங்கள். டியூபாவின் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அளவுகளை எடுத்து முடித்ததும் கம்பித் தடிப்பு, வெளிவிட்டம், சுற்றுகள், ஓய்வு உயரம், இறங்கும் தூரம், உறையின் உள்விட்டம் ஆகியவற்றை எழுதி அனுப்பினால், எந்தத் தொகுதியைக் கேட்கவேண்டும் என்று சொல்கிறேன். யூபோனியத்தின் இரண்டாம் வால்வு ஸ்பிரிங் இல்லாமலும் இறங்க மறுத்தால் அதை மணற்தாளால் தேய்த்துப் பார்க்காமல் வாத்தியத்தை முழுதாகவே கொண்டுவாருங்கள். பிஸ்டனை மட்டும் பார்த்து உறையின் நெளிவைக் கண்டுபிடிக்க முடியாது.